திருநாள்களின் மூலம்

'நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றின் தோற்றுவாயைத் தேடிச் செல்பவன் பெரும்பாலும் ஒரு சிறு சுனையையோ பாறை இடுக்கையோ கண்டு, இதுதானா அந்தப் பெரிய ஆறு என்று ஏமாற்றமடைவான். ஆயினும் மனிதன் தேடாமல் இருப்பதில்லை. நம் செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி, வீடூருக்கு அருகில் தொண்டியாற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, வில்லியனூர் வழியாகச் சென்று கடலை அடைகிறது. வில்லியனூரில் நின்று ஒரு குடம் நீரை எடுத்து, இதில் செஞ்சி நீர் எவ்வளவு, தொண்டியாற்று நீர் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. திருநாள்களும் அத்தகையனவே. எனினும் எந்தெந்த ஓடை எங்கெங்கே வந்து கலந்தது என்று அறிய முயல்வது பிழையன்று. பயனுள்ள முயற்சியே ஆகும். கிறிஸ்தவப் பெருநாள்கள் எவ்வாறு தோன்றின, அவற்றைப்பற்றி அறிஞரிடையே நிகழும் வழக்குகள் யாவை என்பதை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இப்பொருளை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இவ்விரு நகரங்களைச் சுற்றியுள்ள நாட்டுப்புறம், கிறிஸ்தவ சமயத்தின் பல பிரிவுகளும் அடுத்தடுத்து வந்து கால் ஊன்றிய நிலம். 1597-ஆம் ஆண்டிலேயே இயேசு சபையைச் சேர்ந்த பிமெந்தா என்னும் துறவி செஞ்சிக் கோட்டைக்கு வந்து, கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டு, அந்நகரின் பெருமையை வியந்து எழுதினார். பிற்காலத்தில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குருமார் வந்தனர்; இன்று இப்பகுதிக் கத்தோலிக்கர் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1853-இல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் நிறுவிய அமெரிக்க ஆர்க்காடு மிஷன் திண்டிவனத்தில் பணி செய்தது. ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு மனம் மாறி, மருத்துவம் பயின்று, வேலூரில் மருத்துவமனை கண்ட ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு அந்த இரவு வாய்த்தது திண்டிவனத்திலேதான். தென்னார்க்காட்டின் வேறு ஊர்களில் டென்மார்க்கு நாட்டு லுத்தரன் சங்கத்தார் பணியாற்றினர். ஆகவே, ஒரே வட்டாரத்தில் திருவிழாவைத் தேரும் தோரணமுமாகக் கொண்டாடும் மரபும் உண்டு. திருவிழாவை அடக்கத்தோடு அனுசரிக்கும் மரபும் உண்டு. திருவிழாவே கூடாது என்று ஒதுக்கும் புதிய சபைகளும் இன்று உண்டு.

இக்கேள்வி வெறும் ஏட்டாராய்ச்சியாக நின்றுவிட்டால் நான் வானொலிக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், சில ஆண்டுகளுக்கு முன், மூத்த மகன் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, டிசம்பர் 25 கதிரவனை வழிபட்டோரின் நாள், ஈஸ்டர் ஒரு பெண்தெய்வத்தின் பெயர், இவற்றைக் கொண்டாடுவது பாவம் என்று தாயிடம் சொல்லி, நள்ளிரவு ஆராதனைக்கு வர மறுத்தான். அந்த அம்மையார் எழுத்தறிவு மிகுதியும் இல்லாதவர். 'என் தாயும் பாட்டியும் செய்ததெல்லாம் பொய்யா?' என்று என்னிடம் கேட்டார். மற்றொருபுறம், அதே செய்தியைப் பிற சமயத்தார் சிலர், 'உங்கள் பண்டிகை உங்களுடையதே அன்று. பிறரிடம் எடுத்துக்கொண்டது' என்று ஏளனமாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஒரே செய்தி, ஒருவன் கையில் வீட்டைப் பிரிக்கிறது. மற்றொருவன் கையில் தெருவைப் பிரிக்கிறது. அச்செய்தி எவ்வளவு உண்மை என்று பார்ப்பது நம் கடமையன்றோ?

முதலில் கிறிஸ்துமஸை எடுத்துக்கொள்வோம். இயேசு பிறந்த தேதியை நற்செய்தி நூல்கள் எங்கும் குறிக்கவில்லை. மத்தேயுவும் லூக்காவும் பிறப்பைப்பற்றி விரிவாகக் கூறுகின்றனர். மாதமும் நாளும் கூறவில்லை. முதல் இரு நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் பிறந்தநாளைப் பெரிதாகக் கருதியவர்களும் அல்லர். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிஜன் என்னும் பேரறிஞர், வேதாகமத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பொல்லாதவர்களே என்று எடுத்துக்காட்டினார். அவருக்கு முன் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளமெந்து, இயேசு பிறந்த நாளைச் சிலர் மே மாதத்திலும் சிலர் ஏப்ரலிலும் கணித்ததைக் குறித்துவைத்துள்ளார். ஆக, தொடக்கத்தில் ஒரு நாள் அன்று, பல நாள்கள் பேசப்பட்டன.

டிசம்பர் 25 என்னும் நாள் ஐயமற முதன்முதல் தோன்றுவது உரோமை நகரத்துப் பஞ்சாங்கம் ஒன்றில். அது 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டது. அதனுள் அடங்கிய மறைசாட்சியர் பட்டியல் 336-ஐச் சேர்ந்தது என்பர். அப்பட்டியல், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்த நாள் என்று டிசம்பர் 25-ஐக் குறிக்கிறது. கிழக்கு நாடுகளில் ஜனவரி 6 என்னும் நாள் பெருவழக்காயிருந்தது. 386-இல் அந்தியோக்கியாவில் பேசிய யோவான் கிறிசோஸ்தோம், டிசம்பர் விழா தம் ஊருக்கு வந்து இன்னும் பத்தாண்டு ஆகவில்லை என்று தம் சபையாரிடமே கூறினார். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-லேயே பிறப்பைக் கொண்டாடுகிறது.

சரி, டிசம்பர் 25 ஏன்? இங்கேதான் வழக்குத் தொடங்குகிறது. அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர்.

முதற் கட்சியார் கூறுவது இது: உரோமைப் பேரரசன் ஔரேலியன் 274-இல் 'வெல்லப்படாத கதிரவன்' என்னும் தெய்வத்துக்குக் கோயில் எடுத்தான். டிசம்பர் 25, அன்றைய உரோமைக் கணக்கில், இரவு நீளுதல் நின்று பகல் நீளத் தொடங்கும் நாள். நான் முன்பு சொன்ன அதே 354-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் வேறொரு பகுதியில், அந்த நாளுக்கு நேராக 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள்' என்றும், அன்று 30 தேரோட்டங்கள் என்றும் எழுதியுள்ளது. எனவே மக்கள் மனத்தைக் கதிரவனிடமிருந்து கிறிஸ்துவிடம் திருப்பத் திருச்சபை அந்நாளைத் தேர்ந்தது என்பது இவர்கள் முடிவு. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிரியாக் ஏட்டுக் குறிப்பொன்றும் இவ்வாறே கூறுகிறது.

இரண்டாம் கட்சியார் வேறு வழியில் கணக்கிடுகின்றனர். இயேசு மரித்த நாள் மார்ச் 25 என்று 200-ஐ ஒட்டிய காலத்திலேயே வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். மகான்கள் கருவான நாளும் மறைந்த நாளும் ஒன்றாயிருக்கும் என்றொரு நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது. மார்ச் 25-இல் கருவானால், ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 25 வரும். கிழக்கே சிலர் ஏப்ரல் 6 என்று கணக்கிட்டனர். அதற்கு ஒன்பது மாதம் கழித்து வருவது ஜனவரி 6. இரு கணக்குகளும் இரு விழா நாள்களோடு இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்துவது தற்செயல் ஆகாது என்பது இவர்கள் வாதம். இதனை 1889-இல் பிரெஞ்சு வரலாற்றறிஞர் துஷேன் விளக்கி எழுதினார்.

இரு கட்சிக்கும் பலமும் உண்டு, பலவீனமும் உண்டு. கதிரவன் கட்சிக்கு எதிராக, டிசம்பர் 25-இல் கதிரவனுக்கு விழா நடந்தது என்பதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றும் அதே 354-ஆம் ஆண்டு ஏடுதான். ஔரேலியன் அந்நாளைத் தேர்ந்தான் என்பதற்கு அவன் காலத்துச் சான்று ஒன்றும் இல்லை. 'சாட்டர்னேலியா' என்னும் கேளிக்கை விழா டிசம்பர் 17-இல் தொடங்கி 23 அளவில் முடிந்துவிடும். 25-ஐ அது தொடுவதில்லை. மித்திரன் என்னும் தெய்வம் டிசம்பர் 25-இல் பிறந்தான் என்று பலர் எழுதுவதற்கும் பழஞ்சான்று கிடையாது. கணக்குக் கட்சிக்கு எதிராக, நானூறாம் ஆண்டை அடுத்து அகுஸ்தீன் அக்கணக்கைத் தெளிவாகச் சொல்கிறார் என்றாலும், அது விழாவுக்குக் காரணமாயிற்றா அல்லது விழா தோன்றியபின் அதற்கு நியாயமாகக் காட்டப்பட்டதா என்று உறுதி கூற இயலாது. என் எளிய கருத்து, இரண்டு ஓடைகளும் கலந்திருக்கக்கூடும் என்பதே. மக்கள் மனத்தில் கதிரவன் இருந்தான் என்பதில் மட்டும் ஐயமில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பாப்பரசர் லியோ, புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறியபின் திரும்பி நின்று உதயசூரியனை வணங்கிய கிறிஸ்தவர்களைக் கண்டித்துப் பேசியிருக்கிறார்.

தமிழர்க்கு இது விளங்காத செய்தி அன்று. தை முதல் நாளை நாம் உத்தராயணப் பிறப்பு என்கிறோம். கதிரவன் வடதிசை நோக்கித் திரும்பும் உண்மையான நாள் இக்காலத்தில் டிசம்பர் 21 அல்லது 22. பன்னூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாயிருந்தன. வானில் நிகழும் மெல்லிய பெயர்ச்சியால் இன்று 23 நாள் விலகி நிற்கின்றன. மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இவ்விலக்கத்தை எடுத்துக்காட்டிற்று. உரோமரின் டிசம்பர் 25-ம் அவ்வாறே உண்மை நாளிலிருந்து விலகிவிட்டது. அவர்கள் நாட்காட்டியின் பிழையைத் திருத்த 1582-இல் பாப்பரசர் கிரகோரி பத்து நாள்களை நீக்க நேர்ந்தது. இருளின் உச்சியில் ஒளி திரும்புவதைக் கண்டு மகிழ்வது எந்த ஒரு சமயத்துக்கும் பட்டா எழுதிக் கொடுத்த நிலம் அன்று. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லுகிறவன் ஞாயிற்றை வணங்குகிறான் என்று நாம் கருதுவதில்லை. செவ்வாயன்று சந்தைக்குப் போகிறவனைக் கோள் வழிபாட்டினன் என்பதும் இல்லை.

இனி ஈஸ்டர். கிறிஸ்தவர்களின் பெருநாள்களுள் மிகப் பழையது இதுவே. இதன் வேர் யூதரின் பாஸ்கா விழாவில் இருக்கிறது என்பதில் எக்கட்சியாருக்கும் ஐயமில்லை. இயேசு பாடுபட்டது அவ்விழாவின் நாள்களில் என்று நற்செய்திகள் நான்கும் கூறுகின்றன. இங்கே வழக்கு, விழா எங்கிருந்து வந்தது என்பதன்று. எந்த நாளில் கொண்டாடுவது என்பதே. ஆசியா மைனரில் இருந்த சபைகள் யூத மாதத்தின் பதினான்காம் நாளில், அது எந்தக் கிழமையாயினும், கொண்டாடின. உரோமைச் சபை ஞாயிற்றுக்கிழமையை வற்புறுத்திற்று. 155-ஐ ஒட்டிச் சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிகார்ப்பு உரோமைக்குச் சென்று ஆயர் அனிசேத்தோடு இதைப்பற்றிப் பேசினார். இருவரும் ஒருவரை ஒருவர் இணங்கவைக்க முடியவில்லை. ஆயினும் அனிசேத்து தம் ஆலயத்தில் திருப்பலி நடத்தும் பெருமையைப் பொலிகார்ப்புக்கே அளித்தார்; இருவரும் அமைதியாகப் பிரிந்தனர். ஒரு தலைமுறை கழித்து, 190-ஐ ஒட்டி, விக்தர் என்னும் உரோமை ஆயர் ஆசியச் சபைகளை விலக்கிவைக்க முனைந்தபோது, லியோன் நகரத்து ஐரேனியு இந்தப் பழைய நிகழ்ச்சியை நினைவூட்டி அவரைத் தடுத்தார். திருநாள் வழக்கில் நம் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் வேண்டிய பாடம் இதைவிட வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. நாளடைவில் நிலைபெற்ற விதி இது: மார்ச் 21-இலோ அதன் பின்னரோ வரும் முழுநிலாவை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆகையால் அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்நாளிலும் வரலாம். நம் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர்: பல ஆண்டுகளில் அந்த முழுநிலா நம் பங்குனி உத்திரத்து நிலாவே. முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துச் செல்லும் கூட்டத்தையும், அதே வாரத்தில் சிலுவைப்பாதை நடத்தும் கூட்டத்தையும் ஒரே நிலா பார்க்கிறது. இதனால் ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினால் நகைப்புக்கு இடமாகும். ஒரே வானத்தின் கீழ் வாழும் மக்கள் ஒரே நிலாவைக் கொண்டு நாள் குறித்தனர், அவ்வளவே.

பெயரைப்பற்றிய வழக்கு வேறு. 'ஈஸ்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் குறித்து, 725-இல் எழுதிய பீடு என்னும் ஆங்கிலத் துறவி, ஏயோஸ்த்ரே என்னும் பழைய பெண்தெய்வத்தின் பெயரால் அமைந்த மாதத்திலிருந்து அது வந்தது என்றார். அத்தெய்வத்தைப்பற்றி வேறு நூற்சான்று இல்லாமையால் இதைச் சிலர் மறுத்தனர். 1958-இல் ஜெர்மனியில், ஓசையில் அப்பெயரை ஒத்த பெண்தெய்வங்களுக்கு எடுத்த கல்வெட்டுகள் நூற்றுக்கு மேல் கிடைத்தபின், பீடு கூறியது முற்றிலும் கற்பனை அன்று என்று கருதுவோர் பெருகினர். எப்படியாயினும், அது ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உரிய வழக்கு. கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு முதலிய மொழிகளில் விழாவின் பெயர் பாஸ்கா என்பதன் திரிபே. நம் ஊர்க் கத்தோலிக்கரும் பாஸ்கா என்றே சொல்லி வந்தனர்; உயிர்த்த ஞாயிறு என்பது அதன் தமிழ்ப் பெயர். ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் காட்டி, பாஸ்கா என்று சொல்லி வளர்ந்த தமிழ்த் தாயைக் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்?

துண்டுப் பிரசுரங்களில் காணும் இன்னொரு கூற்று, ஈஸ்டர் என்பது பாபிலோனியரின் இஷ்தார் என்பது. இக்கூற்றைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஸ்காட்லாந்து நாட்டு அலெக்சாந்தர் ஹிஸ்லப் என்னும் போதகர். 'இரண்டு பாபிலோன்கள்' என்னும் அவர் நூல் 1858-இல் விரிந்த வடிவில் வெளிவந்தது. அது கத்தோலிக்கத் திருச்சபையைத் தாக்குவதற்காகவே எழுந்த நூல். இரு சொற்களின் ஓசை ஒத்திருப்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை என்று மொழிநூலார் எப்போதோ ஒதுக்கிவிட்டனர். அந்தச் சண்டையின் எச்சம் நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் தமிழ்த் துண்டுத் தாளாகக் கைக்கு வருகிறது. ஈஸ்டர் முட்டைக்கும் தெய்வங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. இடைக்காலத்தில் தவக்காலம் நாற்பது நாளும் முட்டை விலக்கப்பட்டிருந்தது, கோழிகளோ தவமிருப்பதில்லை. சேர்ந்த முட்டைகள் திருநாளன்று செலவாயின.

வேறு சில நாள்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். குருத்தோலை ஞாயிற்றில் ஓலை ஏந்திப் பவனி போகும் வழக்கத்தை, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் பயணம் சென்ற எகேரியா என்னும் பெண்மணி நேரில் கண்டு எழுதியிருக்கிறார். அங்கே பேரீச்சையும் ஒலிவமும். நம் பக்கத்தில் பனங்குருத்தும் தென்னங்குருத்தும். கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2, குளூனி மடத்து ஒடிலோ என்பவர் ஏறத்தாழ ஆயிரமாவது ஆண்டையொட்டித் தம் மடங்களில் ஏற்படுத்தியது. இந்துக்கள் அமாவாசையில் முன்னோரை நினைப்பதும், அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன அல்ல. இறந்தவரை மறக்க மாட்டாத மனித நெஞ்சிலிருந்து இரண்டும் பிறந்தன. கிறிஸ்து பிறப்புக் குடில் 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்னும் ஊரில் பிரான்சிஸ் அசீசியார் அமைத்த காட்சியால் பரவியது. கொலு வைத்துப் பழகிய தெருவில் அதைக் கண்டு வியப்பவர் இல்லை.

தவக்காலத்தின் முதல் நாள் தமிழில் விபூதிப் புதன் என்று பெயர் பெற்றது. இன்று திருநீற்றுப் புதன் என்கின்றனர். பழைய ஓலையை எரித்த சாம்பலை நெற்றியில் இடுதல் மேல்நாட்டு வழக்கம். 1091-இல் பெனவெந்தோவில் கூடிய சங்கம் அதைப் பொதுவாக்கிற்று. வழக்கம் அங்கிருந்து வந்தது. பெயரோ சைவர் நெற்றியிலிருந்து வந்தது. இச்சிறு சொல்லின் பின்னே நம் பகுதியைக் கலக்கிய ஒரு பெரிய வழக்கு நிற்கிறது.

1703 நவம்பரில் பாப்பரசரின் தூதராகிய தூர்னோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். விழுப்புரத்திலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவுகூட இல்லாத இடம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் கைக்கொண்டிருந்த உள்நாட்டு வழக்கங்கள் சமயத்துக்கு ஏற்றவையா என்று விசாரிப்பது அவர் வேலைகளுள் ஒன்று. நோய்வாய்ப்பட்ட அவர் உள்நாட்டுக்குள் வரவேயில்லை. 1704 ஜூன் 23-ஆம் நாளிட்ட ஆணையொன்றைப் பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. 108 இழைச் சரடு கூடாது. மணவினையில் தேங்காய் உடைத்தல் கூடாது. பெண் பூப்பெய்தியதை விழாவாகக் கொண்டாடல் கூடாது. சாணச் சாம்பலை இட்டுக்கொள்ளல் கூடாது. கிறிஸ்தவ வாத்தியக்காரர் கோயில்களில் வாசித்தல் கூடாது. இவ்வாறு பல விலக்குகள். இவை சமயச் சடங்குகள் அல்ல, நாட்டு வழக்கங்களே என்று இயேசு சபையார் மன்றாடினர். வழக்கு நாற்பது ஆண்டு நீடித்தது. 1744 செப்டம்பர் 12-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் விலக்குகளை உறுதி செய்து, வழக்கை முடித்தார். குருமார் இதன்பொருட்டு ஏற்றுவந்த உறுதிமொழி 1940-இல்தான் நீக்கப்பட்டது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்களின் பண்பாட்டில் மூடநம்பிக்கையோடு பிணையாதவற்றை வழிபாட்டிலும் ஏற்கலாம் என்று அறிவித்தது. இன்று இப்பகுதியின் பல ஆலயங்களில் பொங்கல் பானை வைத்து நன்றி செலுத்துகின்றனர்.

இதில் நாம் கருதத்தக்க ஒன்று உண்டு. 601-ஆம் ஆண்டில், பாப்பரசர் முதலாம் கிரகோரி இங்கிலாந்துக்குச் சென்ற குருமாருக்கு எழுதிய கடிதத்தில், அம்மக்களின் கோயில்களை இடிக்காதீர். தூய்மை செய்து பயன்படுத்துக. அவர்கள் விருந்து நாள்களையும் மாற்றி அமைத்துக்கொள்க என்றார். ஆங்கிலேயனுக்கு 601-இல் கிடைத்த இசைவு தமிழனுக்கு 1704-இல் மறுக்கப்பட்டது. கடன்பட்ட வழக்கம் பழகிப் போய்விட்டால், கடன் என்பதே மறந்துவிடுகிறது. பழகாத வழக்கமே அயல் வழக்கமாகத் தோன்றுகிறது.

சீர்திருத்தத் திருச்சபையார் இவ்வழக்கை மற்றோர் எல்லைக்குக் கொண்டுசென்றனர். வேதாகமத்தில் நாள் குறிக்கப்படாத விழா எதற்கு என்று கேட்டு, 1647-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் நீக்கிற்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்சுக் குடியேற்றத்தார் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங்கு அபராதம் விதித்தனர். 1681-இல் அதை எடுத்துவிட்டனர். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொதுவிடுமுறையானது 1958-இலேதான். திண்டிவனத்துக்கு வந்த ஆர்க்காடு மிஷனார் சார்ந்திருந்த டச்சுச் சீர்திருத்த மரபு நடுவழியில் நின்றது. 1618–19-இல் கூடிய டோர்ட் சங்கம் ஞாயிற்றோடு கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே நாள்களையும் அனுசரிக்கச் செய்தது. அம்மரபினரும் பிறரும் 1947 செப்டம்பர் 27-இல் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயினர். அச்சபையார் இன்று நெற்கதிரும் கரும்பும் பூசணியும் கொணர்ந்து படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை, இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் ஹாக்கர் என்னும் குரு 1843-இல் தொடங்கி வைத்த விழாவின் வழி வந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகூட ஆகாத பண்டிகை. ஆயினும் தம் வயலின் முதற்கதிரைத் தலையில் சுமந்துவரும் உழவனிடம், இது வேதத்தில் எங்கே என்று கேட்க எனக்கு மனம் வராது.

நேயர்களே, இவ்வளவும் கூறியதன் பயனை மூன்று கருத்துகளாகத் தொகுக்கலாம். முதலாவது, நாள் வேறு, பொருள் வேறு. டிசம்பர் 25 ஏன் வந்தது என்பதில் அறிஞர் மாறுபடலாம். பெத்லகேமின் ஏழைக் குழந்தையை நினைப்பவருக்கு அம்மாறுபாட்டால் இழப்பு ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஒப்புமை வேறு, கடன் வேறு. இரண்டு விழாக்கள் ஒத்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் நகல் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஏடும் கல்வெட்டும் காலமும் சாட்சி சொல்ல வேண்டும். மூன்றாவது, கடன் வேறு, களவு வேறு. எந்தச் சமயமும் வெறும் நிலத்தில் விளைவதில்லை. முன்பே மக்கள் உழுத நிலத்தில்தான் விதைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடியபோது, யோசேப்பின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் வைத்தே பாடினார். அதனால் தமிழும் குறையவில்லை. அவர் சமயமும் குறையவில்லை.

அந்த அம்மையாரின் வினாவுக்கு நான் அளித்த விடை இதுவே: 'உங்கள் பாட்டி நாளைக் கணித்தவர் அல்லர்; நாளை நிறைத்தவர்.' திருநாளுக்குப் பொருளைத் தருபவர்கள் அன்று வீட்டைக் கூட்டி மெழுகி, உற்றாருக்கும் அயலாருக்கும் பலகாரத் தட்டு அனுப்பி, பகைவனோடும் பேசத் தொடங்குபவர்களே. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கிறிஸ்துமஸ் பலகாரம் இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் போகிறது. தீபாவளிப் பலகாரமும் ரம்ஜான் பிரியாணியும் திரும்பி வருகின்றன. மூலத்தை ஆராய்வோர் இந்தத் தட்டைக் கவிழ்க்காமல் ஆராயட்டும். பொலிகார்ப்பும் அனிசேத்தும் நாளில் மாறுபட்டும் ஒரே பீடத்தில் நின்றனர். அவர்கள் காட்டிய வழியில் நடந்தால், ஆராய்ச்சியும் வளரும், அன்பும் நிலைக்கும்.